காசிமாயனின் நோட்டீஸ்

படார் என்று ஒரு தட்டு. சற்று நடந்து இன்னொன்று. லுங்கியைத் தொடைக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, வரப்பின் மேல் வெறுங்காலுடன், வயலைப் பார்த்தபடியே கை தட்டிக்கொண்டு சுற்றி வருகிறார் காசிமாயன். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் வாய் ஏதோ முணுமுணுக்கும். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் விளங்கும். "கெளம்பு, கெளம்பு. அங்கிட்டுப் போயிரு. பிள்ளகுட்டியக் கூட்டிக்கிட்டுப் போயிரு. பெறகு சொல்லலைன்னு சொல்லக் கூடாது." நாலு பக்க வரப்பையும் சுற்றி முடித்த பிறகுதான் மருந்து டப்பாவின் மூடியைத் திருகுவார். அதற்கு முன்னால் அவரை அவசரப்படுத்தினால் வசவு நமக்குத்தான்.

மேலூர்ப் பக்கம், பெரியாற்றுக் கால்வாய் பாயும் ஊர்களில், நெல்லுக்கு மருந்தடிக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் வாயில் வருகிற பேர் காசிமாயன்தான். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. முதுகில் பெட்ரோல் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு அவர் நடக்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் ஸ்பிரேயருக்குக் கால் முளைத்து நடப்பது போலத்தான் தெரியும். தலையில் ஒரு துண்டு, மூக்கையும் வாயையும் மூடி ஒரு துண்டு. கண் மட்டும் வெளியே. அந்தக் கண்ணும் வேலை முடிந்து வரும்போது சிவந்து போயிருக்கும்.

நான் தல்லாகுளத்துப் பக்கம் கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டி, நோட்டீஸை நீட்டி, "காலி பண்ணுங்கள்" என்று சொல்லிச் சாபம் வாங்கிய பிழைப்பு. என் மனைவி வழியில் வந்த கொஞ்சம் வயல் காசிமாயனின் ஊரான வெள்ளாங்கரையில் இருக்கிறது. கே.கே. நகரிலிருந்து பஸ் பிடித்து வந்து வரப்பில் நின்று குத்தகைக்காரரிடம் குறை சொல்லிவிட்டுப் போவது என் பொழுதுபோக்கு. அப்படி வந்த ஒரு நாளில்தான் இந்தக் கை தட்டலை முதலில் பார்த்தேன். பாம்புக்காகவா என்று கேட்டேன்.

"மொதல்ல பாம்புக்குத்தாண்ணே தட்டுனேன். வயக்காட்டுல யாருதான் தட்டல? பெறகு யோசிச்சேன். பாம்புக்கு மட்டும் சொல்லிட்டு தவளைக்குச் சொல்லாம விட்டா ஞாயமா?"

"சொன்னா போயிருதாக்கும்?"

"போறது போகும், நிக்கிறது நிக்கும். நான் சொல்லிட்டேன்ல?"

"யோவ், இதுக்குப் பேருதான்யா நோட்டீஸ்" என்று சொல்லிச் சிரித்தேன். நோட்டீஸ் கொடுத்துவிட்டால் அப்புறம் நம் மேல் பழியில்லை. முப்பது வருஷமாக நானும் அந்தத் தெம்பில்தான் வண்டியை ஓட்டினேன். அந்த வார்த்தை மனிதருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டால், "இருங்க, ஒரு நோட்டீஸ் குடுத்துட்டு வாரேன்" என்பார்.

அவருடைய இன்னொரு கிறுக்கு ஊதுபத்தி. வேலைக்கு வரும்போது சட்டைப் பையில் ஒரு பாக்கெட் இருக்கும். வயலின் மூலையில் ஒன்றைக் கொளுத்திச் செருகுவார். புதிதாகப் பார்க்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஒருமுறை ராக்கம்மாள் என்ற நடவுக்கார அம்மா திருநீறு கேட்டுக் கையை நீட்டிவிட்டார். "ஆத்தா, இது சாமிக்கு இல்ல, காத்துக்கு" என்று காசிமாயன் விளக்க வேண்டியதாயிற்று. புகை எந்தப் பக்கமிருந்து சாய்ந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைக் காட்ட மாட்டார். புகை நிலை கொள்ளாமல் ஆடினால் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், வயல்காரர் என்ன கத்தினாலும் சரி. அவரோடு சேர்ந்து இந்த வேலைக்கு வந்தவர்களில் ஒருவருக்கு மூச்சிரைப்பு, ஒருவருக்குக் கை நடுக்கம். இவர் இன்னும் நடமாடுவதற்கு ஊதுபத்திதான் காரணம் என்று நினைக்கிறார். இருக்கலாம்.

மருந்தடிக்கிற நாளில் அவர் கையால் எதையும் தொட்டுச் சாப்பிட மாட்டார். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அந்தக் கை அன்றைக்குத் தீட்டுதான். மனைவி முத்துமீனா தூக்குவாளியில் சோறு கொண்டு வந்து, வரப்பில் உட்கார்ந்து, குழம்பு ஊற்றிப் பிசைந்து, உருண்டை பிடித்து வாயில் கொடுப்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காசிமாயன் வாயைத் திறப்பார். ஊரே பார்த்துச் சிரிக்கும். பக்கத்து வயல்காரர் மருது, "என்ன மாமா, இன்னும் பால்குடி மறக்கலையா?" என்று கேட்காத நாளில்லை. "பொறாமைப்படாத மாப்ள. ஒனக்கு ஊட்டி விட ஒம் பொண்டாட்டி சம்மதிச்சா நீயும் ஆன்னு காட்டு" என்று வாய் நிறையச் சோற்றோடு பதில் வரும். முத்துமீனாவுக்கு வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகப் பிடித்துத் திணித்து அவர் வாயை அடைப்பார்.

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பக்கீர் முகமது பாயின் உரக்கடை. காலையில் அங்கே நின்றால் பெரியாஸ்பத்திரி ஓபி சீட்டு வரிசையில் நிற்பது மாதிரி இருக்கும். கையில் பிடுங்கிய பயிரோடு ஒவ்வொருவராக வருவார்கள். "பாய், பயிரு மஞ்சக் குளிக்குது, ஒரு மருந்து குடுங்க." "பாய், குருத்து காயுது, நல்ல மருந்தாக் குடுங்க." பாய் இலையைத் திருப்பிப் பார்ப்பார், தூரை முகர்ந்து பார்ப்பார், அலமாரியிலிருந்து எடுத்து வைப்பார். பாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. "ஒன்னும் வேணாம், தண்ணிய வடிச்சுட்டு ஒரு வாரம் பொறுங்கன்னு சொல்லிப் பாத்தேன் சார். இந்தாளுக்கு வெவரம் பத்தலைன்னு அடுத்த கடைக்குப் போறாக. நான் என்னத்தச் செய்ய?" என்று என்னிடமே நொந்துகொண்டார்.

நம் ஊரில் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, புழுவைக் கொல்வதும் மருந்து. மனம் வெறுத்துப் போனவன் எடுத்துக் குடித்தாலும், "மருந்தக் குடிச்சுட்டான்" என்றுதான் செய்தி வரும். இதைப் பற்றிக் காசிமாயனுக்கு ஒரு கருத்து உண்டு. "மருந்துங்கிற பேருனாலதாண்ணே கூட ஒரு மூடி ஊத்துறாக. சீக்கிரம் கொணமாகும்னு நெனப்பு. வெசம்னு எழுதி வித்துப் பாருங்க, கை நடுங்கி அளந்து ஊத்துவாக." இதைச் சொல்லும்போதும் அவர் யாருடைய வயலுக்கோ ஒரு மூடி ஊற்றிக் கலக்கிக்கொண்டுதான் இருந்தார்.

ஊருக்கெல்லாம் அடிக்கிற காசிமாயனுக்குச் சொந்தமாக ஒரு வயல் உண்டு. மருதுவின் வயலுக்கு மேற்கே, வாய்க்காலை ஒட்டி, ஒரே ஒரு துண்டு. அவருடைய அப்பா, முத்துமீனாவின் அப்பா, அவர்களுக்கு முந்தியவர்கள், எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தே காலத்தைக் கழித்தவர்கள். இந்தத் துண்டு வயலிலேயே முத்துமீனா குமரியாக இருந்தபோது கூலிக்கு நாற்று நட்டிருக்கிறார். வயல்காரக் குடும்பம் மதுரைக்குக் குடிபோனபோது, இருந்ததையெல்லாம் விற்று, பற்றாததற்கு அங்கே இங்கே புரட்டி வாங்கினார்கள். பட்டா முத்துமீனா பேரில். பட்டா வந்த அன்று வயலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடுவயலில் நின்றாராம் அந்த அம்மா. "கூலிக்கு எறங்குனப்ப எம்புட்டோ தடவ முள்ளுக் குத்துன வயலு. அன்னிக்கு மட்டும் ஒன்னுமே குத்தல" என்றார் என்னிடம்.

சொந்த வயல் என்றால் கை நிற்குமா? முதல் வருஷம் காசிமாயன் அந்த மண்ணுக்கு வாரி இறைத்தார். யூரியா போட்டார், களைக்கொல்லி அடித்தார். ஊரில் யாருக்கும் அடித்துவிடாத அளவுக்கு அடித்தார். ஆசைதான். அந்த வருஷம் நட்ட நாற்று சில இடத்தில் சாய்ந்து கிடந்தது. அடியில் பார்த்தால் பொடிப்பொடியாக மண் உருண்டைகள். "நாக்குப்பூச்சி கெளப்புது மாமா" என்றார் மருது. அந்தப் பக்கத்தில் மண்புழுவுக்கு நாக்குப்பூச்சி என்று பேர். நேரே மேலூருக்குப் போய், "பாய், நாக்குப்பூச்சிக்கு ஒரு மருந்து குடுங்க" என்று கேட்டிருக்கிறார் காசிமாயன். மதுரை டவுனில் பிறந்து வளர்ந்த பாய்க்குக் குழந்தைகளின் வயிற்றில் இருக்கும் நாக்குப்பூச்சியைத்தான் தெரியும். இது ஏதோ நெல்லில் விழுகிற பூச்சி போலிருக்கிறது, நமக்குத் தெரியவில்லையென்று காட்டிக்கொள்வானேன் என்று நினைத்து, எல்லாப் பூச்சிக்கும் கேட்கிற குருணை மருந்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் வயலுக்குப் போன முத்துமீனா, "ஏங்க, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்ட குரலைக் காசிமாயன் அப்படியே நடித்துக் காட்டுவார். உள்ளே இருந்ததெல்லாம் மேலே வந்து கிடந்ததாம். ஊதிப்போய், வெளுத்து, வரப்பு நெடுக. பொறுக்க வந்த மைனாக்களும் வாய்க்கால் ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தனவாம்.

"பேருலயே பூச்சின்னு இருக்குண்ணே. பூச்சி மருந்த பூச்சிக்குத்தான போட்டேன்?" என்பார். சிரிப்பது போலத்தான் சொல்லுவார். கேட்கிற நாம் சிரிக்க முடியாது. அந்தப் பேரை வைத்தவன் எவனோ, அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல் எனக்கு ஆத்திரமாக வரும். "அதுக்கு நான் நோட்டீஸும் குடுக்கல. மண்ணுக்குள்ள இருக்கிறதுக்கு கை தட்டுனா கேக்குமா?" என்று கேட்பார் காசிமாயன்.

அதற்கப்புறம் மண் இறுகிவிட்டது. உழுதால் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. தண்ணீர் விட்டால் கீழே இறங்காமல் மேலேயே பளபளவென்று நின்றது. பயிர் வெளிறினால் யூரியா, யூரியா போட்டதும் கரும்பச்சையாகத் தழைத்து அதற்கென்றே வந்த பூச்சி, பூச்சிக்கு மருந்து. "குடிகாரனுக்கு ஊத்துற கணக்காப் போச்சுண்ணே. ஊத்துனா எந்திரிக்கிறான், ஊத்தலைன்னா படுத்துக்கிறான்." அப்படியே சில வெள்ளாமை போயிற்று. ஒரு நாள் காலை வழக்கம்போலத் தன் வயலைச் சுற்றிக் கை தட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முதல் வரப்பில் ஒன்றும் அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒரு தவளை தண்ணீரில் விழவில்லை, ஒரு தட்டான் எழும்பவில்லை. நாலு பக்கமும் சுற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம்.

"நோட்டீஸ் வாங்க ஆளே இல்லண்ணே" என்றார். எத்தனையோ பூட்டிய வீட்டுக் கதவில் நோட்டீஸை ஒட்டிவிட்டு வந்தவன் நான். அந்த வெறும் வாசல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்றோடு தன் வயலுக்கு மட்டும் நிறுத்திவிட்டார். ஊராருக்கு அடிப்பது தொடர்ந்தது. "ஊருக்கெல்லாம் அடிச்சுட்டு ஒன் வயலுக்கு மட்டும் விரதமாய்யா?" என்று குத்திக் கேட்டேன். "எம் பொழப்பு அதுதானண்ணே. அவுக வயலு, அவுக இஷ்டம். எங்கிட்ட யாராச்சும் கேட்டாகளா, அடிக்கட்டுமா வேணாமான்னு? எங்க அடிக்கணும்னு மட்டுந்தான் கேக்குறாக." 'நீங்களும்தான் கேட்கவில்லை' என்று அவர் என்னைச் சொல்லவில்லை. என் வயலுக்கும் அவர்தான் அடிக்கிறார்.

தன் வயலில் தழையுரத்துக்காகக் கொளுஞ்சியையும் தக்கைப்பூண்டையும் விதைத்து மடக்கி உழுதார். கோடையில் ஆட்டுக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி, புழுக்கை மண்ணில் சேர வயலில் கிடை போட வைத்தார். மண் உடனே மசியவில்லை. முதல் வெள்ளாமை பாதிதான். அடுத்ததும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மருதுவின் வயல் கரும்பச்சையாக நிற்க, இவர் வயல் கறிவேப்பிலை காய்ந்த நிறத்தில் நின்றது. டீக்கடையில் கேலி பேசினார்கள். வீட்டிலோ கேலியில்லை. "மண்ணுக்கு வைத்தியம் பாக்குறேன்னு வீட்டுச் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீகளே" என்று முத்துமீனா என் முன்னாலேயே கண் கலங்கிக் கேட்டார். காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பிரேயரின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் செங்கல் சூளைக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் வட்டமிட ஆரம்பித்தார். அவருக்கு விளைச்சலைப் பற்றிக் கவலையில்லை. மேல் மண்தான் வேண்டும். ஓர் ஆள் ஆழம் தோண்டிக்கொண்டு போய்விடுவார். அதற்கப்புறம் அது குளம். முத்துமீனா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "இந்த வெள்ளாமை வீடு வந்து சேரணும். சேரலைன்னா சூளைக்குக் குடுத்துருவோம். பட்டா எம் பேர்ல இருக்கு. நீங்க மறுபேச்சு பேசக் கூடாது." இந்த வெள்ளாமைதான் கடைசிப் பரீட்சை என்று இரண்டு பேருக்கும் ஆகிவிட்டது. அந்த அம்மாவுக்கு மட்டும் அது லேசான பேச்சா? கூலிக்கு நாற்று நட்ட மண் தன் பேருக்கு வந்ததை ஊருக்கே இனிப்புக் கொடுத்துச் சொன்னவர்.

மார்கழிக் கடைசியில் நான் போனபோது பயிர் நன்றாகத்தான் இருந்தது. கதிர் பால் பிடித்திருந்தது. வரப்பில் கால் வைத்தால் கொஞ்சம் அமுங்கியது. சந்தோஷமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். காசிமாயன் மருதுவின் வயலைக் கண்ணால் காட்டினார். நடுவில் வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து நின்றது. புகையான். தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிற பொடிப் பூச்சி. இன்றைக்கு ஒரு தட்டு அகலம் தெரிந்தால் வாரத்தில் வயலையே வைக்கோலாக்கிவிடும். முந்தின நாள்தான் மருதுவின் வயலுக்கு அடித்து முடித்திருந்தார்.

மருது அங்கேயே நின்றிருந்தார். "மாமா, ஒன் வயலுக்கும் சேத்து அடிச்சுவிட்டுரு. நான் அடிச்சு, நீ அடிக்கலைன்னா ஒங்கிட்டருந்து திரும்ப எனக்குத்தான் வரும். ஒன் வைராக்கியத்துக்கு நான் சோத்துக்குச் சிங்கி அடிக்கவா?" என்றார். கோபம்தான், ஆனால் அதில் பயம் அதிகம். காசிமாயன் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முத்துமீனா சொல்லி அனுப்பியிருந்தார்: "இந்த ஒரே ஒரு தடவ. கதிரு வீட்டுக்கு வரட்டும், பெறகு நீங்க என்ன வேணாலும் செய்யுங்க. நான் கஞ்சி கொண்டாரதுக்குள்ள அடிச்சு முடிச்சுருங்க." டப்பாவைத் துண்டில் சுற்றிக் கொடுத்ததும் அவர்தான்.

காசிமாயன் மறு பேச்சில்லாமல் ஸ்பிரேயரை வரப்பில் இறக்கினார். டப்பாவைப் பக்கத்தில் வைத்தார். ஊதுபத்தியைக் கொளுத்தி மூலையில் செருகினார். புகை நேராக மேற்கே சாய்ந்தது. அடிக்கத் தோதான காற்று. ஒரு குறையும் சொல்ல முடியாத காற்று. லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு முதல் தட்டைத் தட்டினார்.

தொபுக். தொபுக், தொபுக்.

வரப்பு ஓரத்திலிருந்து தவளைகள் எகிறின. காசிமாயன் நின்றார். நின்ற இடத்திலிருந்தே இன்னொரு தட்டு. தட்டான்கள் கூட்டமாக எழும்பி, அங்கேயே சுற்றி, அங்கேயே உட்கார்ந்தன. பனியில் நனைந்த சிலந்தி வலைகள் கதிருக்குக் கதிர் ஆடின. ஒரு நண்டு வளைக்குள் பின்பக்கமாக ஓடியது. கொஞ்ச தூரம் நடந்து மெதுவாக ஒன்று தட்டினார். இந்த முறை வாய் முணுமுணுக்கவில்லை.

சில தவளைகள் சொல் கேட்டு வரப்பைத் தாண்டி மருதுவின் வயலில் குதித்தன. அங்கே முந்தின நாள் அடித்த நாற்றம் இன்னும் போகவில்லை. ஒன்று குதித்த வேகத்தில் திரும்பி வரப்பில் ஏறி, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தொண்டையை ஆட்டிக்கொண்டிருந்தது. காசிமாயன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கிழக்கே மருதுவின் வயல், தெற்கே என் வயல், வடக்கே இன்னொருவருடையது. எல்லாம் அவர் கையால் அடித்தவைதான். மேற்கே சிமெண்டு வாய்க்கால்.

"அண்ணே" என்றார் தவளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒங்க கோர்ட்டு நோட்டீஸ்ல, காலி பண்ணிட்டு எங்கிட்டுப் போகணும்னு எழுதியிருக்குமா?"

"அதெல்லாம் எழுத மாட்டாங்க மாயா" என்றேன்.

"ஓகோ" என்றார்.

அப்புறம் வயலுக்குள் இறங்கி உட்கார்ந்து ஒரு தூரை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்கு மேலே தவிட்டு நிறத்தில் புகையான் ஒட்டியிருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் சிலந்திகள் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த தூர், அதற்கடுத்தது. "ரெண்டும் இருக்குண்ணே" என்றார்.

"எது ஜெயிக்கும்?"

"தெரியலையே." இன்னொரு தூரை விலக்கினார். "சத்தியமாத் தெரியலண்ணே. இந்தச் சிலந்திக பூச்சியத் தின்னு தீக்குமா, இல்ல அது பயிரத் தின்னு தீத்துருமான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா நான் ஏன் இப்படி முழிக்கிறேன்?"

"என்ன மாமா, மெஷின் சத்தத்தக் காணோம்?" என்று மருது அங்கிருந்து கத்தினார். காசிமாயன் வரப்பில் ஏறினார். மண்வெட்டியை எடுத்துக் கீழ் மடையை வெட்டி விட்டார். வயலில் நின்ற தண்ணீர் கலங்கலாக ஓட ஆரம்பித்தது. பின்பு திரும்பி வந்து, பயிரைக் கையால் இரு பக்கமும் ஒதுக்கி, நடுவில் வெயிலும் காற்றும் போக வகிடு எடுத்துக்கொண்டே நடந்தார். தூரில் ஈரம் இல்லாமல், வெயில் பட்டால் புகையான் கொஞ்சம் அடங்கும். கொஞ்சம்தான். அதைத் தவிர அன்று அவரிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

வெயில் ஏறியபோது முத்துமீனா தூக்குவாளியோடு வந்தார். ஸ்பிரேயர் வரப்பில் நிற்பதையும் ஊதுபத்தி எரிந்து சாம்பலாகி இருப்பதையும் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "முடிஞ்சுச்சா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்து மூடியைத் திறந்தார். காசிமாயன் வாய்க்காலில் இறங்கி சோப்பைப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். முத்துமீனா சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து, நிமிர்ந்து பார்க்காமலே உருண்டை பிடித்து, எப்போதும்போல அவர் வாயருகே கொண்டுபோனார்.

காசிமாயன் வாயைத் திறக்கவில்லை. பின்னால் கட்டியிருக்க வேண்டிய வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்தார்.

முத்துமீனா அந்தக் கையைப் பார்த்தார். வரப்பில், மூடி திருகாமல், துண்டுக்குள் அப்படியே இருந்த டப்பாவைப் பார்த்தார். மருதுவின் வயலில் தீய்ந்து நிற்கும் வட்டங்களைப் பார்த்தார். வெளிறிப்போன முகத்தோடு தன் வயலை, வகிடு எடுத்த பயிரை, மடையில் ஓடும் தண்ணீரை, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை பார்த்தார். உருண்டை அவர் விரல்களிலேயே இருந்தது. குழம்பு மணிக்கட்டு வரை வழிந்தது. காசிமாயன் கையை மடக்கவில்லை.

பிறகு உருண்டையை அந்த உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார் முத்துமீனா.